ஓடி நின்ற அடுத்த நிமிடம்: பிள்ளையின் இதயமும் நம் இதயமும்

எங்கள் பக்கம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தோட்டத்துத் திடலுக்குப் போனால் ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. பிள்ளைகள் இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து, முழங்காலில் கை ஊன்றி கொஞ்சம் மூச்சு வாங்குவார்கள், அடுத்த நிமிடமே ஒருவனை ஒருவன் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதைப் பார்த்து யாராவது ஒரு அப்பா, "பாருங்க, களைப்பே இல்ல, இன்னும் நாலு ரவுண்டு விடலாம்" என்பார். அவர் மனைவியோ ஒரு சுற்று வேகமாக நடந்ததற்கே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் ஏன் இன்னும் அடிச்சுக்குது, ஹார்ட்ல ஏதாச்சும் இருக்குமோ" என்று பயப்படுவார். இருவர் சொல்வதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. பிள்ளையின் உடம்பையும் பெரியவர் உடம்பையும் ஒரே கோலால் அளக்கிறோம். அளக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், 44 வயது. வளர்ந்தது தோட்டத்து லயத்து வீட்டில், இப்போது பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம், கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகள் இரண்டாம் படிவம், மகன் நாலாம் ஆண்டு. மகனைப் பள்ளியில் குறுக்கோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த பிறகு மூன்று பேரும் சேர்ந்தே ஓடப் போகிறோம். என் அப்பா தோட்டத்து கிளினிக்கில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாடி பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்கினாலும் முதலில் மணிக்கட்டைத்தான் பிடிப்பார், கண் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளில் இருக்கும், அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது.

நாலாம் ஆண்டிலிருந்து நம் பள்ளிகளில் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனை உண்டு, தெரிந்திருக்கும். அதில் ஒன்று பெஞ்சில் ஏறி இறங்குவது. தாளக் கருவியின் டக் டக்குக்கு ஏற்ப 3 நிமிடம் ஏறி இறங்கி, முடித்ததும் உட்கார்ந்து நாடியை எண்ண வேண்டும். மகன் அதை முடித்து வந்த அன்று வீட்டிலும் செய்து பார்ப்போமே என்று மூன்று பேரும் செய்தோம். நின்றவுடன் அவனுக்கு 150, ஒரு நிமிடம் கழித்து 96. மகளுக்கு 156, பிறகு 114. எனக்கும் அதே 156தான், ஆனால் ஒரு நிமிடம் கழித்து 132. மகனுக்கு 54 குறைந்திருக்கிறது, மகளுக்கு 42, எனக்கு 24. "அம்மா, உங்களுக்கு ஏன் இறங்கவே மாட்டேங்குது?" என்று கேட்டான் மகன். கேள்வி நியாயமானது, ஆனால் பதில் இரண்டு மூன்று அடுக்கு உள்ளது.

முதல் அடுக்கு நரம்பு. இதயத்தை விரட்டுவது ஒரு நரம்புக் கூட்டம், அடக்குவது இன்னொன்று. அடக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. ஓடும்போது வேகஸ் தன் பிடியை விட்டுவிடுகிறது, விரட்டும் நரம்புகள் முழு மூச்சில் வேலை செய்கின்றன. நாம் நின்ற உடனே முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் துடிப்பு சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் வேகஸ் திரும்ப வந்து பிடிப்பதால்தான். மேட்டிலிருந்து மோட்டாரில் இறங்கும்போது முறுக்கை விட்டால் மட்டும் போதாது, பிரேக்கும் பிடிக்க வேண்டும், அந்த பிரேக்தான் வேகஸ். அதற்குப் பிறகு வரும் மெதுவான இறக்கம் வேறு கணக்கு: விரட்டும் நரம்புகள் மெல்ல ஓய வேண்டும், இரத்தத்தில் ஏறிய அட்ரினலின் குறைய வேண்டும், தசையில் சேர்ந்த கழிவு வெளியேற வேண்டும், ஏறிய உடம்புச் சூடு தணிய வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பிரேக் சுறுசுறுப்பாகப் பிடிக்கும். வயது கூடக் கூட, அதிலும் பருவ வயதைத் தாண்டும்போது, கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகும். என் மகளின் எண் தம்பிக்கும் எனக்கும் நடுவில் விழுந்தது அதற்கு ஒத்துப்போகிறது.

இந்த வேகஸ் விஷயத்தில் பெற்றோர் பயப்படும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் சீராக இருக்காது, மூச்சை உள்ளே இழுக்கும்போது வேகமாகும், விடும்போது மெதுவாகும். "டிரசர் ஐயா, புள்ளைக்கு நாடி தாறுமாறா ஓடுது" என்று அழுதுகொண்டே வந்த அம்மாமார்களை அப்பா எத்தனையோ முறை சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கிறார். பிள்ளையை மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லி, அம்மாவின் விரலையே நாடியில் வைத்துக் காட்டுவார். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது பிள்ளைகளுக்கு இயல்பானது, வேகஸ் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது அடுக்கு தசை. பெரியவர்கள் முழு வேகத்தில் ஓடும்போது காற்றில்லாத வழியில், அதாவது ஆக்சிஜன் போதாத நேரத்தில் சர்க்கரையை அவசரமாக உடைத்து, நிறைய சக்தி எடுக்கிறோம். அந்த வழி வேகம் தரும், ஆனால் லாக்டேட்டும் அமிலமும் சேரும், நின்ற பிறகு அதையெல்லாம் சரிக்கட்ட இதயம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பருவம் எய்தாத பிள்ளைகளின் தசை அந்த வழியை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை, பெரும்பங்கு ஆக்சிஜன் வழியிலேயே போகிறது, சேர்வதும் குறைவு. உடம்பும் சிறியது, செய்த மொத்த வேலையும் குறைவு. அதனால் கடன் சிறியது, சீக்கிரம் அடைந்துவிடுகிறது.

இது திடலில் பார்த்துச் சொல்லும் ஊகம் இல்லை. 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிறுவர்களையும் இளைஞர்களையும் 30 வினாடி உச்ச வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்து, இடைவெளி விட்டு மறுபடி மிதிக்க வைத்தார்கள். சிறுவர்கள் 2 நிமிடத்திலேயே கிட்டத்தட்ட பழைய பலத்துக்கு வந்துவிட்டார்கள், இளைஞர்களுக்கு 10 நிமிடம் வரை தேவைப்பட்டது. 2018இல் பிரான்சின் செபஸ்தியான் ரத்தேலும் ஆஸ்திரேலியாவின் அந்தோனி பிளாஸெவிச்சும் அவர்களுடைய குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 8 முதல் 12 வயதுப் பையன்களை, பயிற்சி இல்லாத ஆண்களோடும், தேசிய அளவில் போட்டியிடும் நெடுந்தூர வீரர்களோடும் ஒப்பிட்டார்கள். பையன்களின் தசை களைக்கும் விதம் அந்த வீரர்களை ஒத்திருந்தது, இதயத் துடிப்பு இறங்குவதிலும் லாக்டேட் வெளியேறுவதிலும் வீரர்களையே முந்தினார்கள். வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்த வீரனுக்கு வருவது பத்து வயதுப் பையனுக்கு இயல்பாகவே இருக்கிறது. இதைப் படித்த பிறகு என் மகனைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது, சந்தோஷமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

சரி, அப்படியென்றால் இன்னும் நாலு ரவுண்டு விடலாம்தானே? இல்லை. இங்கேதான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

இதயம் சீக்கிரம் இறங்கிவிட்டது என்றால் இதயமும் தசையும் அடுத்த ஓட்டத்துக்குத் தயார் என்று அர்த்தம், அவ்வளவுதான். எலும்பும் தசைநாரும் தயார் என்று அர்த்தம் இல்லை. பத்திலிருந்து பதினைந்து வயது வரை எலும்பு வளரும் இடங்கள் மிருதுவாக இருக்கும், குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்திலும் தசைநார் அந்த இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் திடலில் நன்றாக ஓடும் ஒரு பையனுக்கு முழங்காலுக்குக் கீழே சின்ன முட்டி போல வீங்கி, தொட்டாலே முகம் சுளித்தான். மூச்சு வாங்கவே மாட்டான் என்று அவனைத் தினமும் கூடுதலாக ஓட விட்டிருந்தார்கள். வாரத்தில் சில நாள் ஓட்டத்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நாடி எதையுமே காட்டிக்கொடுக்காத வலி அது.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பேராக்கில் ஓட்டம் என்றால் பழைய ஆட்கள் ஜெகதீசனைச் சொல்லாமல் விட மாட்டார்கள். பக்கத்து குவாலா கங்சாரில் பிறந்தவர், 1964 தோக்கியோவிலும் 1968 மெக்சிகோவிலும் ஒலிம்பிக் 200 மீட்டர் அரையிறுதி வரை போனவர், டாக்டரும் ஆனவர், மெக்சிகோவில் ஓடிய 20.92 வினாடி 2017 வரை தேசிய சாதனையாக இருந்தது. அவரைப் போல ஆக்குகிறேன் என்று பத்து வயதுப் பிள்ளையை 200 மீட்டர், 300 மீட்டர் உச்ச வேகத்தில் திரும்பத் திரும்ப விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்கு வேண்டியது மேலே சொன்ன காற்றில்லாத வழி, அது பருவம் எய்தும்போதுதான் வளர ஆரம்பிக்கும். இந்த வயதில் அதைப் பிழிந்தெடுக்கப் பார்ப்பதைவிட, ஓடும் முறையையும் ஓட்டத்தில் ஒரு ஆசையையும் கொடுப்பது பெரிது. பிள்ளைகள் தானாக விளையாடும்போது கவனியுங்கள், சில வினாடி பறப்பார்கள், நிற்பார்கள், மறுபடி பறப்பார்கள். அவர்கள் உடம்புக்குப் பொருந்துவது அதுதான். நான் மகனுக்குப் பயிற்சி வைக்கும்போது சின்னச் சின்ன ஓட்டம், நடுவில் சின்ன இடைவெளி, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வைப்பது போல நாலைந்து நிமிடம் உட்கார வைத்தால் அவனுக்குச் சலிப்புதான் வருகிறது. ஆனால் நானோ மகளோ அவனுடைய இடைவெளியில் ஓடப் பார்க்கக் கூடாது, எங்களுக்கு அது போதாது.

வெயில் தனிக் கதை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இதயத்துக்கு இரண்டு வேலை, தசைக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்ற தோலுக்கும் அனுப்ப வேண்டும். தண்ணீர் குறைந்தால் இன்னும் சிரமம். அதனால் வெக்கையான நாளில் துடிப்பு இறங்குவது எல்லோருக்கும் தாமதமாகும், பிள்ளைகளுக்கும்தான். பெரியவர்களைவிட அவர்களுக்கு வியர்வை குறைவு, விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது. 2023இல் கிளந்தானில் 11 வயதுப் பையன் ஒருவன் வெப்பத் தாக்கத்தில் இறந்துபோனது நினைவிருக்கும். நான் கடைப்பிடிப்பது இது: வழக்கமாக ஒரு நிமிடத்தில் 50 பக்கம் இறங்கும் மகனுக்கு ஒரு நாள் 30தான் இறங்குகிறது என்றால், அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. நிழலுக்குப் போய் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு. அவன் "நான் ஓகே மா" என்றுதான் சொல்வான், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். காய்ச்சல் விட்ட பிறகும் இதே கவனம் வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே விடக்கூடாது, சில வைரஸ் கிருமிகள் இதயத் தசையையே பாதிக்கும்.

இனி எண்ணும் முறை. ஓடி நின்றதும் துடிப்பு வேகமாக இறங்குவதால், ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தால் உச்சமும் இறக்கமும் கலந்துபோகும். செகாக்கில் எண்ணுவது ஒரு அட்டவணையோடு ஒப்பிடுவதற்கு, அதை அங்கே சொன்ன முறையிலேயே செய்யட்டும். வீட்டில் இறக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நின்ற உடனே 10 வினாடி எண்ணி 6ஆல் பெருக்குங்கள், சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி 10 வினாடி. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை மெதுவாக வைத்தால் போதும். கிடைக்கவில்லை என்றால் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். இதில் ஒரு துடிப்பு விட்டுப்போனாலே கணக்கில் 6 மாறிவிடும், ஆகவே நேற்று 48, இன்று 42 என்று கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரே மாதிரி நேரம், ஒரே மாதிரி வேலை, ஒரே நிலை முக்கியம். படுத்தால் வேகமாக இறங்கும், நடந்துகொண்டிருந்தால் மெதுவாக இறங்கும். ஒரு நாள் உட்கார்ந்தும் ஒரு நாள் நின்றும் பார்த்துவிட்டு ஒப்பிடாதீர்கள். கடுமையாக ஓடிவிட்டு சட்டென்று அசையாமல் நிற்பதும் வேண்டாம், காலில் இரத்தம் தங்கி தலை சுற்றும்.

கைக்கடிகாரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் பிள்ளையின் ஒல்லியான மணிக்கட்டில் அது ஆடும், ஆடினால் கீழே உள்ள பச்சை விளக்கு சரியாகப் படிக்காது. சில நேரம் இதயத் துடிப்புக்குப் பதில் காலடித் தாளத்தையே எண்ணிக் காட்டும். மகன் கையில் 168 என்று காட்டியபோது கழுத்தில் எண்ணினேன், 190ஐத் தாண்டியிருந்தது. இன்னொன்று, 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு கண்டுபிடிக்கும் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். பிள்ளைப் பருவம் முழுக்க உச்சம் 195இலிருந்து 205 பக்கம்தான் நிற்கும், எட்டு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடுமையாக ஓடிய பிள்ளைக்கு 195 காட்டினால் அலற வேண்டாம், நமக்குத்தான் அது பெரிய எண். சும்மா இருக்கும்போதும் ஆறு வயதுக்கு மேல் 70 முதல் 100 வரை அவர்களுக்கு இயல்பு.

இப்போது பெரியவர்கள் பக்கம். 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் 2,428 பெரியவர்களை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்து ஒன்று சொன்னார்கள். டிரெட்மில்லில் முடிந்தவரை உழைத்துவிட்டு, பிறகு மெதுவாக நடக்கும்போது முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கினால், அவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல். பெரியவர்களின் ஒரு நிமிட இறக்கத்தை டாக்டர்கள் பொருட்படுத்த ஆரம்பித்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த 12 பெரியவர்களுக்கு, அதுவும் மருத்துவமனைச் சோதனைக்கு. பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வீட்டு பெஞ்சில் ஏறி இறங்கிவிட்டு 14 வந்தது என்று தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பார்க்க வேண்டியது போன மாதத்து உங்களையும் இந்த மாதத்து உங்களையும் மட்டும். வேகமாக நடப்பதையே ஒழுங்காகச் செய்துவந்தால் பெரியவர்களுக்கும் இறக்கம் மேம்படும், நான் என் நோட்டில் பார்த்திருக்கிறேன். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து தூங்காமல் வந்தாலும், ஓடுவதற்கு முன் கோப்பி குடித்தாலும் எண் மோசமாகும்.

நம் மக்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, எல்லா இனத்திலும் நாம்தான் அதிகம். நீரிழிவு பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் கால் நரம்பு மட்டும் கெடுவதில்லை, இதயத்தை அடக்கும் அந்த வேகஸும் கெடும். அப்போது சும்மா இருக்கும்போதே துடிப்பு கூடுதலாக இருக்கும், உழைத்த பிறகு இறங்கவும் நேரமாகும், மாரடைப்பு வலி கூட சரியாகத் தெரியாமல் போகலாம். என் அக்காவுக்கு எண்ணிப் பார்த்தபோது ஒரு நிமிடத்தில் அசையவே இல்லை என்கிற மாதிரி இருந்தது, கிளினிக்குக் கூட்டிப்போனதில் மூன்று மாதச் சர்க்கரை அளவு மிக உயர்ந்திருந்தது. மாத்திரை விஷயமும் உண்டு. இரத்தக் கொதிப்புக்கு அத்தெனோலோல், பிசோப்ரோலோல் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக மேலே ஏறாது, அவர்கள் இந்தக் கணக்கை வைத்து நல்லது கெட்டது முடிவு செய்யக் கூடாது. எண் நன்றாக இல்லை என்று மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

பிள்ளைக்கு எண் எப்படி இருந்தாலும் சரி, சிலவற்றுக்குத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது, ஓடும்போது நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று இதயம் படபடவென்று பறந்து திடீரென்று அடங்குவது, குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருப்பது. நின்ற பிறகு தலை சுற்றுவது பெரும்பாலும் சாதாரணம், ஓட்டத்தின் நடுவில் மயங்குவது சாதாரணம் இல்லை.

பெரியவர்களுக்கு அரசு சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்கள் கணவன் மனைவிக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு, அதில் பதிந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்யலாம், அடையாள அட்டையைக் கொண்டுபோனால் தகுதி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். போகும்போது நாடி எழுதிய நோட்டையும் சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், என்ன செய்துவிட்டு எண்ணினீர்கள், உட்கார்ந்தா நின்றா என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.